ஏசி குளிரவில்லையா? கேஸை நிரப்பும் முன் பார்க்க வேண்டியவை

ஏசி ஓடுகிறது, காற்றும் வருகிறது, அறை மட்டும் குளிரவில்லை. இதை யாரிடம் சொன்னாலும் முதலில் வரும் பதில், "கேஸ் தீர்ந்திருக்கும்" என்பதுதான். நானும் அதை நம்பி அடுத்தடுத்து இரண்டு ஆண்டுகள் கேஸ் நிரப்பினேன். மூன்றாம் ஆண்டு வந்த மெக்கானிக் கேஸ் சிலிண்டரை வண்டியிலிருந்து இறக்கவே இல்லை. இன்டோர் யூனிட்டின் முன்மூடியைத் திறந்து, ஃபில்டரை உருவி, சுவர் விளக்குக்கு நேராகப் பிடித்தார். வெளிச்சம் இந்தப் பக்கம் வரவில்லை. வலையின் கண்களை எல்லாம் அடைத்துக்கொண்டு சாம்பல் நிறத்தில் கம்பளி போலத் தூசி படிந்திருந்தது. கழுவி மாட்டிய அரை மணி நேரத்தில் அறை குளிர்ந்துவிட்டது. முந்தைய இரண்டு முறையும் வந்தவர்கள் கேஸ் நிரப்பிய கையோடு ஃபில்டரையும் கழுவி மாட்டிவிட்டுப் போனார்கள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அதனால் இந்த வழிகாட்டியில் கேஸ் கடைசியில்தான் வரும். அதற்கு முன்னால் நீங்களே பார்த்துவிடக்கூடியவை நிறைய இருக்கின்றன. பெரும்பாலானவற்றுக்குக் கருவி எதுவும் தேவையில்லை. ஒரு சாதாரண வெப்பமானி, ஒரு டார்ச், ஒரு மென்மையான பிரஷ் இருந்தால் போதும். எதையாவது கழற்றுவதாகவோ கழுவுவதாகவோ இருந்தால், ரிமோட்டில் அணைத்தால் மட்டும் போதாது. ஏசிக்கென்று இருக்கும் எம்சிபி சுவிட்சையும் கீழே தள்ளிவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

சூடு எங்கே போகிறது?

இதைப் புரிந்துகொண்டால் மீதி எல்லாம் எளிது. ஏசி குளிரை உற்பத்தி செய்வதில்லை. அறையில் இருக்கும் சூட்டை அள்ளிக்கொண்டு போய் வெளியே கொட்டுகிறது. உள்ளே இருக்கும் காயில் (தகடுகள் கோத்த குழாய்ச் சுருள்) சூட்டை வாங்கிக்கொள்கிறது. வெளியே இருக்கும் காயில் அதை இறக்கி வைக்கிறது. இரண்டுக்கும் நடுவே சுமை தூக்கிக்கொண்டு ஓடும் ஆள்தான் கேஸ். அவரை விரட்டி வேலை வாங்குவது கம்ப்ரசர்.

சுமை ஏற்றும் வாசலை அடைத்துவிட்டாலும் இறக்கும் வாசலை அடைத்துவிட்டாலும் வேலை நின்றுபோகும். அதற்கு ஆளைக் குறை சொல்லிப் பயனில்லை. அந்த இரண்டு வாசல்களையும் பார்த்த பிறகு ஆளிடம் வருவோம்.

ரிமோட்டை ஒருமுறை நிதானமாகப் பாருங்கள்

சிரிப்பாகத்தான் இருக்கும். ஆனால் பழுது பார்க்க அழைக்கப்படும் வீடுகளில் ரிமோட்டைச் சரிசெய்துவிட்டுத் திரும்பும் மெக்கானிக்குகள் உண்டு. திரையில் பனித்துகள் போன்ற படம் இருந்தால்தான் குளிரூட்டும் நிலை. நீர்த்துளி இருந்தால் ஈரத்தை எடுக்கும் நிலை. அதில் விசிறி மெதுவாகச் சுற்றும், கம்ப்ரசர் விட்டுவிட்டு ஓடும். விசிறிப் படம் மட்டும் இருந்தால் கம்ப்ரசர் ஓடவே ஓடாது. அறைக் காற்றையே திரும்பத் திரும்பச் சுழற்றிக்கொண்டிருக்கும். சூரியன் படம் இருந்தால் அறையைச் சூடாக்குகிறீர்கள்.

உறக்க நிலை இரவில் வெப்பநிலையைத் தானாகவே ஓரிரு டிகிரி ஏற்றிவிடும். நள்ளிரவுக்கு மேல் குளிர் குறைகிறது என்று புகார் சொல்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். சில ரிமோட்டுகளுக்குள்ளேயே வெப்பநிலையை உணரும் சென்சார் இருக்கும். அந்த வசதியைப் போட்டுவிட்டு ரிமோட்டை ஏசிக் காற்று நேரே படும் இடத்தில் வைத்தால், அறை குளிர்ந்துவிட்டதாக நினைத்து ஏசி ஓய்வெடுத்துக்கொள்ளும்.

அணைத்த உடனே மீண்டும் போட்டால் கம்ப்ரசர் ஏறக்குறைய 3 நிமிடம் தாமதித்துத்தான் கிளம்பும். அது கம்ப்ரசரின் பாதுகாப்புக்காக வைத்த ஏற்பாடு. அந்த நேரத்தில் வரும் சாதாரணக் காற்றைப் பார்த்துப் பதறி, மறுபடி அணைத்துப் போட்டால் இன்னொரு 3 நிமிடம் காத்திருக்க வேண்டியதுதான்.

16 டிகிரியில் வைத்தால் சீக்கிரம் குளிரும் என்ற நம்பிக்கையும் பரவலாக இருக்கிறது. சாதாரண ஏசியில் கம்ப்ரசர் ஒன்று முழு வேகத்தில் ஓடும், அல்லது நிற்கும். 24-இல் வைத்தாலும் 16-இல் வைத்தாலும் அந்த வேகம் ஒன்றுதான். எப்போது நிற்க வேண்டும் என்பது மட்டுமே மாறுகிறது. இன்வெர்ட்டர் ஏசி, அறைக்கும் வைத்த அளவுக்கும் இடைவெளி அதிகமாக இருந்தால் வேகம் கூட்டும்தான். ஆனால் அறை 32 டிகிரியில் கொதிக்கும்போது, 24 வைத்தாலே அது தன் உச்ச வேகத்துக்குப் போயிருக்கும்.

இப்போது அளந்து பாருங்கள்

'குளிரவில்லை' என்பது உணர்வு. அதை எண்ணாக மாற்றிவிட்டால் பாதிக் குழப்பம் தீரும். ஜன்னல் கதவுகளை மூடி, குளிரூட்டும் நிலையில், விசிறியை அதிக வேகத்தில், வெப்பநிலையைக் குறைத்து வைத்து 20 நிமிடம் ஓடவிடுங்கள். சுவரில் மாட்டும் ஏசியில் காற்று மேற்புறம் உள்ளே போய்க் கீழ்ப்புறம் வெளியே வருகிறது. மேலே உள்ளே போகும் காற்றில் வெப்பமானியைச் சில நிமிடம் பிடித்து அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு கீழே காற்று வரும் வாயில் பிடியுங்கள். உள்ளே சுழலும் விசிறியைத் தொடும் அளவுக்கு எதையும் நுழைக்க வேண்டாம்.

இரண்டுக்கும் வித்தியாசம் 8 முதல் 12 டிகிரி செல்சியஸ் வரை இருந்தால் இயந்திரம் தன் வேலையைச் செய்கிறது. குறை அறையில் இருக்கிறது. வித்தியாசம் 3, 4 டிகிரிதான் என்றால் இயந்திரத்தில் கோளாறு. அறையில் ஈரப்பதம் மிக அதிகமாக இருந்தால் நல்ல ஏசியிலும் வித்தியாசம் சற்றுக் குறையும். காரணம் பின்னால் வருகிறது. மூன்றாவதாக ஒரு நிலையும் உண்டு. வித்தியாசம் 15 டிகிரிக்கு மேல், ஆனால் காற்று வருவதே தெரியவில்லை. வரும் கொஞ்சக் காற்று அநியாயத்துக்குக் குளிர்ந்திருந்தால், காயில் நன்றாக இருக்கிறது, காற்றின் வழி அடைபட்டிருக்கிறது என்று பொருள். என் வீட்டில் நடந்தது இதுதான். அன்று ஒரு வெப்பமானி வைத்திருந்தால் இரண்டு முறை கேஸ் நிரப்பும் செலவு மிஞ்சியிருக்கும்.

உள் வாசல்: ஃபில்டர், காயில், புளோயர்

முன்மூடியின் இரு பக்கமும் விரல் வைத்து மேலே தூக்கினால் திறந்துகொள்ளும். ஃபில்டர் என்பது மெல்லிய பிளாஸ்டிக் வலை. சற்று மேலே அழுத்திக் கீழே இழுத்தால் வந்துவிடும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்க்கும் அந்த மெக்கானிக்கின் சோதனையை நான் இன்றும் செய்கிறேன். விளக்கு தெளிவாகத் தெரியாவிட்டால் கழுவும் நேரம் வந்துவிட்டது. தூசி படிந்த பக்கத்துக்கு மறுபக்கத்திலிருந்து தண்ணீர் விட்டால் தூசி பாயாகப் பிரிந்து விழும். தூசிப் பக்கத்திலிருந்தே விட்டால் அது கண்களுக்குள் இன்னும் இறுகும். கொதிநீர் வேண்டாம், வலை நெளிந்துவிடும். வெயிலிலும் காயப்போட வேண்டாம். நிழலில் நன்றாக உலர்ந்த பிறகு மாட்டுங்கள். தினமும் பல மணி நேரம் ஓடும் ஏசிக்கு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இது தேவைப்படும்.

காயும்வரை ஃபில்டர் இல்லாமலேயே ஓட்டலாமே என்று தோன்றும். கூடாது. ஃபில்டர் பிடிக்க வேண்டிய தூசி ஈரமான காயிலில் போய் ஒட்டிச் சேறாகிவிடும். அதை எடுப்பது உங்கள் கையில் இல்லை.

ஃபில்டருக்குப் பின்னால் நெருக்கமாக அடுக்கிய மெல்லிய அலுமினியத் தகடுகள் தெரியும். அதுதான் காயில். தகடுகளின் ஓரம் பிளேடு போல இருக்கும், விரலை வைத்துத் தேய்க்காதீர்கள். மேலோட்டமான தூசியை மென்மையான பிரஷ்ஷால் தகடுகளின் போக்கிலேயே, மேலிருந்து கீழாக மட்டும் தட்டிவிடலாம்.

பலர் பார்க்க மறப்பது புளோயரை. கீழே காற்று வரும் வாய்க்குள் டார்ச் அடித்தால் நீளமான உருளை ஒன்று தெரியும். அதன் வளைந்த இதழ்கள் கரண்டி போலக் காற்றை அள்ளித் தள்ளுகின்றன. அந்தக் கரண்டிகளின் குழிவில் தூசி நிரம்பினால், விசிறி எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும் அள்ளுவதற்கு இடம் இருக்காது. ஃபில்டர் பளிச்சென்று இருந்தும் காற்று பலவீனமாக வந்தால் இதைச் சந்தேகியுங்கள். கழற்றிக் கழுவுவது சர்வீஸ் ஆள் செய்ய வேண்டிய வேலை.

காயிலில் பனி உறைந்திருந்தால்? உடனே குளிரூட்டுவதை நிறுத்துங்கள். காற்று போதாமல் காயில் உறைநிலைக்குக் கீழே போயிருக்கிறது, அல்லது கேஸ் குறைந்திருக்கிறது. இரண்டுக்கும் முகம் ஒன்றுதான். கத்தி, திருப்புளி எதையும் கொண்டு பனியைக் குத்தாதீர்கள். பின்னாலேயே கேஸ் ஓடும் குழாய் இருக்கிறது. ஏசியை விசிறி நிலையில் மட்டும் இரண்டு மூன்று மணி நேரம் ஓடவிட்டு, கீழே ஒரு பழைய துணியை விரித்து வையுங்கள். பனி முழுவதும் உருகிய பின் ஃபில்டரைக் கழுவி மாட்டி மறுபடி ஓட்டுங்கள். காற்று நன்றாக வந்தும் மீண்டும் உறைந்தால்தான் கேஸ் பக்கம் பார்வை திரும்ப வேண்டும்.

வெளி வாசல்: அவுட்டோர் யூனிட்

உள்ளே எடுத்த சூடு முழுவதும், அத்துடன் கம்ப்ரசர் ஓடும் சூடும் சேர்ந்து, இங்கேதான் வெளியேற வேண்டும். சுவரோரம் வைக்கும் வகைகளில் பெரும்பாலானவை பின்பக்கமிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் காற்றை இழுத்து முன்பக்கம் தள்ளுகின்றன. முன்பக்கம் சுத்தமாக இருப்பதைப் பார்த்துவிட்டுத் திருப்தியடைந்து திரும்பிவிடுவோம். பின்பக்கத்தை எட்டிப் பார்ப்பதில்லை. நான் ஒருமுறை எட்டிப் பார்த்தபோது, சுவருக்கும் யூனிட்டுக்கும் நடுவில் புறா ஒன்று குச்சிகளால் தாராளமாகக் கூடு கட்டி, என்னைக் கோபமாகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. குஞ்சுகள் பறக்கும்வரை நாங்கள் மின்விசிறியில் காலம் தள்ளினோம்.

கூடு இல்லாவிட்டால் சருகு, பறந்து வந்த பிளாஸ்டிக் பை, தகடுகளில் அப்பிய தூசி என்று ஏதாவது இருக்கும். மழைக்காகவோ குளிர்காலத்துக்காகவோ போட்ட உறையைக் கழற்றாமல் ஏசியைப் போடுவதும் நடக்கிறது. இன்னொன்று, அழகுக்காகவோ பாதுகாப்புக்காகவோ யூனிட்டைச் சுற்றிப் பெட்டி போலத் தடுப்பு அடைப்பது. வெளியேற்றிய சூடான காற்றையே அது திரும்ப இழுத்துக்கொண்டிருக்கும். பகலில் குளிராத ஏசி இரவில் ஓரளவு குளிர்கிறது என்றால், இந்தப் பக்கம்தான் கோளாறு இருக்க வாய்ப்பு அதிகம்.

யூனிட் தரையிலோ எட்டிய பால்கனியிலோ இருந்தால், எம்சிபியை அணைத்துவிட்டுச் சாதாரணக் குழாய்த் தண்ணீரை மென்மையாக விட்டுத் தகடுகளைக் கழுவலாம். வாகனம் கழுவும் அழுத்தக் குழாய் வேண்டாம்; தகடுகள் மடங்கிவிட்டால் காற்றுக்கு வழி நிரந்தரமாக அடைபடும். மின் இணைப்புகள் இருக்கும் பக்கத்தில் தண்ணீர் படக் கூடாது. சுவரில் உயரத்தில் தொங்கும் யூனிட்டாக இருந்தால் அந்த முயற்சியே வேண்டாம். ஜன்னலுக்கு வெளியே சாய்ந்து கழுவப் போய் விழுந்தவர்கள் உண்டு.

பிறகு ஏசியைப் போட்டு, முன்பக்கக் காற்றில் கையை நீட்டிப் பாருங்கள். வெளிக்காற்றைவிடத் தெளிவாகச் சூடாக இருக்க வேண்டும். விசிறி சுற்றுகிறது, ஆனால் காற்று சூடாக இல்லை என்றால் கம்ப்ரசர் ஓடவில்லை, அல்லது ஓடியும் சுமை தூக்கவில்லை. 'ம்ம்ம்' என்று உறுமல் கேட்கிறது, விசிறி அசையவில்லை என்றால் கபாசிட்டரோ (மோட்டாரைக் கிளப்ப உதவும் பாகம்) மோட்டாரோ போயிருக்கலாம்; உடனே அணைத்துவிடுங்கள். குச்சியால் விசிறியைத் தட்டிக் கிளப்பும் வித்தையை வீடியோவில் பார்த்திருப்பீர்கள். தயவுசெய்து வேண்டாம். கபாசிட்டர் மின்சாரத்தைத் துண்டித்த பிறகும் மின்னூட்டத்தைத் தேக்கி வைத்திருக்கும். மூடியைத் திறந்து தொட்டால் ஆளைத் தூக்கிப் போடும்.

மின்சாரம்

இங்கே நீங்கள் செய்யக்கூடியது குறைவு. கம்ப்ரசர் கிளம்பும்போது விளக்குகள் மங்குகின்றனவா, மின்னழுத்தம் குறையும் நேரங்களில் மட்டும் குளிர் குறைகிறதா என்று கவனியுங்கள். ஸ்டெபிலைசர் இருந்தால் அதன் திரையில் வரும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். இன்டோர் யூனிட்டின் விளக்கு விட்டுவிட்டுச் சிமிட்டினாலோ திரையில் எழுத்தும் எண்ணும் சேர்ந்து வந்தாலோ அது பிழைக் குறியீடு. கைப்பேசியில் படம் எடுத்து வைத்தால் மெக்கானிக்குக்குப் பாதி வேலை மிச்சம். எம்சிபி மீண்டும் மீண்டும் விழுந்தால் அதை மேலே தள்ளிக்கொண்டே இருக்காதீர்கள்.

இனி கேஸ்

கேஸ் பெட்ரோல் போல எரிந்து தீர்வதில்லை. மூடிய குழாய்க்குள் அதே கேஸ் ஆண்டுக்கணக்கில் சுற்றிச் சுற்றி வருகிறது. குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது. ஆகவே, "வருடத்துக்கு ஒருமுறை கேஸ் போட வேண்டும்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஓட்டைக் குடத்துக்குத் தண்ணீர் ஊற்றும் கணக்கு அது.

கேஸ் குறைந்ததற்குச் சில தடயங்கள் உண்டு. அவுட்டோர் யூனிட்டில் இரண்டு செம்புக் குழாய்கள் இணைவதைப் பார்க்கலாம். நன்றாக ஓடும் ஏசியில் தடித்த குழாய் கைக்குச் சில்லென்று இருக்கும், காற்றில் ஈரம் இருந்தால் வியர்த்திருக்கும். மெல்லிய குழாயின் இணைப்பில் மட்டும் வெண்பனி படிந்து, தடித்த குழாய் சாதாரணமாக இருந்தால் கேஸ் குறைந்திருக்க வாய்ப்பு அதிகம். இணைப்பு நட்டைச் சுற்றி எண்ணெய்ப் பிசுக்கு தெரிகிறதா என்றும் பாருங்கள். கேஸோடு சேர்ந்து கம்ப்ரசர் எண்ணெயும் சுற்றுவதால், கசியும் இடத்தில் அது தடம் விட்டுப் போகும்.

இதற்குமேல் மெக்கானிக்கின் வேலை. ஆனால் கேட்க வேண்டியதைக் கேளுங்கள். கசிவு எங்கே என்று காட்டச் சொல்லுங்கள். அதை அடைத்த பிறகு நைட்ரஜன் ஏற்றி அழுத்தம் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு வேக்குவம் பம்ப் வைத்துக் குழாயிலுள்ள காற்றையும் ஈரத்தையும் உறிஞ்ச வேண்டும். அதன்பின் தராசில் எடைபோட்டு கேஸை ஏற்ற வேண்டும். எந்த கேஸ், எத்தனை கிராம் என்பது அவுட்டோர் யூனிட்டின் பெயர்த்தகட்டிலேயே அச்சிட்டிருக்கும். பழைய ஏசிகளில் ஆர்-22 இருக்கும். ஓசோன் படலத்தைக் கெடுப்பதால் 1987-ஆம் ஆண்டின் மான்ட்ரியல் உடன்படிக்கையின் கீழ் அது படிப்படியாகக் கைவிடப்பட்டு வருகிறது. ஆர்-410ஏ என்பது ஆர்-32, ஆர்-125 இரண்டையும் எடையில் சரிபாதி கலந்தது. புதியவற்றில் ஆர்-32 பரவலாக வருகிறது. அது ஓரளவு தீப்பற்றும் தன்மையுடையது. ஆர்-290 என்பது புரொப்பேன்தான், நன்றாகவே பற்றும். ஒன்றுக்குப் பதில் இன்னொன்றை ஏற்றவும் கூடாது, கலக்கவும் கூடாது. தராசு இல்லாமல், காதை வைத்துக் கேட்டே அளவு சொல்லும் நிபுணர் வந்தால், தேநீர் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

எல்லாம் சரி, ஆனாலும் குளிரவில்லை

வெப்பமானி 10 டிகிரி வித்தியாசம் காட்டியும் அறை குளிராதவர்கள் இங்கே வாருங்கள். ஒரு டன் ஏசி என்றால் மணிக்கு 12,000 பிடியு (வெப்பத்தை அளக்கும் ஓர் அலகு), அதாவது சுமார் 3.5 கிலோவாட் சூட்டை வெளியேற்றும் திறன். ஒரு அமெரிக்க டன் (சுமார் 907 கிலோ) பனிக்கட்டியை 24 மணி நேரத்தில் உருக்கத் தேவைப்படும் வெப்பத்தை வைத்து வந்த அளவு அது. ஏசியின் எடை அல்ல. சும்மா உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதர் ஏறக்குறைய 100 வாட் சூட்டை வெளியிடுகிறார். பத்துப் பேர் கூடினால் ஒரு கிலோவாட் அவர்களுக்கே போய்விட்டது. கண்ணாடி ஜன்னல் வழியாக நேராக விழும் வெயிலும் பகலெல்லாம் காய்ந்த மேல்தளக் கூரையும் அதைவிடப் பெரிய பசிக்காரர்கள். திரையை இழுத்துவிட்டு ஒரு நாள் ஒப்பிட்டுப் பாருங்கள்.

கதவடி இடைவெளியையும், குளியலறையில் யாரோ அணைக்காமல் விட்ட காற்று வெளியேற்றும் விசிறியையும் பாருங்கள். அந்த விசிறி குளிர்ந்த காற்றை வெளியே தள்ளும்போது, ஈடாக வெளியிலிருந்து சூடான காற்று எல்லா இடுக்கு வழியாகவும் நுழையும். ஜன்னல் ஏசியாக இருந்தால், வெளிக்காற்றுக்கான சிறிய கதவு திறந்திருக்கிறதா என்று முகப்பில் தேடுங்கள்.

அப்புறம் ஈரம். அமெரிக்கப் பொறியாளர் வில்லிஸ் கேரியர் 1902-இல் தம் முதல் ஏசிக் கருவியை வடிவமைத்தது, நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் ஓர் அச்சகத்தில் காகிதம் ஈரத்தில் உப்பாமல் இருப்பதற்காகத்தான். மனிதர்களின் சுகம் பிறகு வந்தது. இன்றைய ஏசியும் முதலில் ஈரத்தோடுதான் மல்லுக்கட்டுகிறது. காற்றிலுள்ள நீராவியை ஒரு லிட்டர் தண்ணீராக மாற்ற ஏறக்குறைய 0.7 கிலோவாட்-மணி சூட்டை எடுக்க வேண்டும். உங்கள் ஒரு டன் ஏசியின் வடிகுழாயில் மணிக்கு ஒரு லிட்டர் வடிந்தால், அதன் உழைப்பில் ஐந்தில் ஒரு பங்கு தண்ணீருக்கே போகிறது. அறைக்குள் துணி காயப்போடுபவர்கள் யோசிக்க வேண்டிய கணக்கு இது. ஈரமான நாளில் குழாயில் சொட்டுக்கூட வராமல் உள்ளே சுவரில் வழிந்தால் வடிகுழாய் அடைத்திருக்கிறது. ஏசி ஓடியும் எங்குமே தண்ணீர் வரவில்லை என்றால் காயில் குளிரவில்லை.

மெக்கானிக்கை அழைப்பதென்று முடிவானால் வெறுமனே 'குளிரவில்லை' என்று சொல்லாதீர்கள். உள்ளே போகும் காற்று இத்தனை, வெளியே வருவது இத்தனை, ஃபில்டர் கழுவியாகிவிட்டது, வெளி விசிறி சுற்றுகிறது, காற்று சூடாக இல்லை என்று சொல்லுங்கள். பேசும் தோரணையே மாறிவிடும். எங்கள் வீட்டு ஏசியின் முன்மூடிக்கு உட்புறம் ஒரு தாள் ஒட்டியிருக்கிறேன். ஒவ்வொரு முறை ஃபில்டரைக் கழுவும்போதும் தேதியும் இரண்டு எண்களும் எழுதுகிறேன். கடைசி வரியில் 29, 19 என்று இருக்கிறது. அதற்கு முந்தைய வரியிலும் ஏறக்குறைய அதேதான்.